ஹாலில் கொட்டிய ஈர நெல்

புரட்டாசி முடியும் சமயத்தில் காற்று திரும்பும். அதுவரை மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது ஓய்ந்துபோய், எந்தப் பக்கத்துக் காற்றும் இல்லாமல் சில நாள் ஊரே புழுங்கும். பிறகு ஒரு காலையில் கொல்லைக் கதவைத் திறக்கும்போது, கடல் பக்கமிருந்து ஈரமாக ஏதோ முகத்தில் வந்து படும். மற்றவர்களுக்கு அது வெயில் விட்ட சுகம். எனக்கு அந்த நிமிடத்திலிருந்து தை பிறக்கும் வரை நிம்மதியான தூக்கம் கிடையாது.

என் மகளுக்கு மூச்சிழுப்பு. சின்ன வயதிலேயே ஆரம்பித்தது. இப்போது ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். வெயில் காலம் முழுக்க அவளைப் பார்த்தால் அப்படி ஒரு நோய் இருப்பதாக யாரும் சொல்ல மாட்டார்கள். தெருவில் சைக்கிள் ஓட்டுவாள், குச்சி ஐஸ் தின்பாள், வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று முதல் ஆளாக இறங்குவாள். வாடைக்காற்று வந்ததும் மூக்கில் தொடங்கும். அப்புறம் இருமல். அப்புறம் நெஞ்சுக்குள் மெல்லிய விசில் மாதிரி ஒரு சத்தம். குக்கர் கத்திக்கொண்டிருந்தாலும், பள்ளிவாசலில் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தாலும் அந்தச் சத்தம் என் காதில் விழுந்துவிடும்.

அதனால் எனக்கு வானத்தைப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. ஃபோனில் வானிலை சொல்கிறவர்கள் எல்லோரையும் பின்தொடர்கிறேன். வங்கக் கடலில் எங்காவது ஒரு மேகச் சுழல் தெரிந்தால், அது ஆந்திராவுக்குப் போகுமா, எங்கள் பக்கம் வருமா என்று நாள் முழுக்க எடுத்து எடுத்துப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

"ஒன்னயக் கொண்டுபோயி மெட்ராஸ்ல வானிலை ஆபீஸ்ல உக்கார வெக்கணும். சம்பளமாவது வரும்."

அவருக்கும் வானத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஆனால் அவர் பார்ப்பது நெல்லுக்காக. நான் பார்ப்பது பிள்ளைக்காக. ஒரே மழையை ஒரே வீட்டில் இருந்து பார்த்தாலும் நாங்கள் இருவரும் வேறு வேறு மழையைத்தான் பார்த்தோம். போன வருடம்தான் அந்த இரண்டும் ஒன்றாகிப்போயின.

அவர் பல வருடம் வளைகுடாவில் கட்டட வேலையில் இருந்தவர். ஒரு கோடையில் அங்கே வெயிலில் மயங்கி விழுந்து, மூத்திரத்தில் ரத்தம் போய், ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதற்குப் பிறகு அவரை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அவருக்கும் போக உடம்பு ஒத்துவரவில்லை. நன்னிலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்கே திரும்பி வந்து, குத்தகைக்கு விட்டிருந்த நிலத்தை எடுத்துத் தானே பயிர் வைக்க ஆரம்பித்தார். "அங்க வெயிலு ஆளக் கொல்லுது, இங்க மழ நெல்லக் கொல்லுது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஊரு இருந்தா சொல்லு, போயிடுவோம்" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அவருக்கு நிலம் பிடித்திருந்தது. குறுவைக் கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் வரப்பில் நின்று ஃபோனில் படம் எடுத்து, அங்கே இன்னும் வேலை பார்க்கிற கூட்டாளிகளுக்கு அனுப்புவார்.

போன வருடம் குறுவை நன்றாகத்தான் விளைந்தது. அறுவடை சமயத்தில்தான் எல்லாம் கெட்டது. ஊரில் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் அறுக்க வேண்டும், மெஷின் கிடைக்கவில்லை. கிடைத்தபோது வயலில் தண்ணீர் நின்றது. சேற்றிலும் ஓடுகிற பெல்ட் மெஷினை இறக்கி எப்படியோ அறுத்து, கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மூட்டைக்குள் கருவியைக் குத்திப் பார்த்து, ஈரம் அதிகம், காய வைத்துக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஈர நெல்லை அடுக்கினால் அவர்களிடமும் அது கெட்டுத்தான் போகும். ஆனால் எங்கே காய வைப்பது? ஊரே ரோட்டில் நெல்லைப் பரப்பியது. வெயில் எட்டிப் பார்த்தால் பரப்புவதும், தூறல் விழுந்தால் ஓடிப்போய்க் குவித்துப் படுதா போடுவதுமாகச் சில நாள் போயின. என் வீட்டுக்காரரின் உள்ளங்கால் ஈரத்தில் வெந்துபோயிருந்தது.

பிறகு தாழ்வு மண்டலம் வருகிறது என்று சொன்னார்கள். அன்று மாலைக்குள் ரோட்டில் கிடந்த நெல் எல்லாம் வீடுகளுக்குள் போய்விட்டது. எங்கள் ஊரில் இது புதிதில்லை. கல்யாண மண்டபத்தில் நெல், மதரஸா வராண்டாவில் நெல், கார் ஷெட்டில் நெல். எங்கள் வீட்டு ஹால் பெரியது. வளைகுடாவில் சம்பாதித்த காலத்தில், கல்யாணம் காட்சி என்றால் ஆட்கள் உட்காரட்டும் என்று நீளமாகக் கட்டியது. டைல்ஸ் தரை. சோபாக்களை ஒன்றின் மேல் ஒன்றாகத் தூக்கி வைத்துவிட்டு, முழங்கால் உயரத்துக்கு நெல்லைக் கொட்டினார்கள். அடுப்படிக்கும் படுக்கையறைக்கும் போய்வர நடுவில் வரப்பு மாதிரி ஒரு ஆள் நடக்கும் வழி விட்டோம்.

மகளுக்குக் கொண்டாட்டம். மழைக்காகப் பள்ளிக்கூடம் லீவு. சாக்கு மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து டிவி பார்த்தாள். அவள் அத்தா, என் வீட்டுக்காரர், மரப்பலகையால் நெல்லைக் கிளறிவிடும்போது தானும் ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினாள்.

"அத்தா, இது நம்ம வீட்டு பீச்."

"பீச்தான். சுண்டல் வாங்கித் தரவா?"

மேலே ஃபேன் இரவும் பகலும் சுற்றியது. கரண்ட் போனால் நின்றது. நான் என் வேலையைப் பார்த்தேன். என் வேலை என்பது வாடைக்காற்றை வீட்டுக்குள் விடாமல் இருப்பது. சன்னல்கள் எல்லாவற்றையும் சாத்தி, இடுக்குகளில் பேப்பரைச் சுருட்டிச் செருகினேன். கொல்லைக் கதவின் அடியில் பழைய துண்டைப் போட்டேன். மகளுக்குக் காதோடு மூடுகிற கம்பளிக் குல்லாய், காலுக்கு சாக்ஸ். கற்பூரவல்லியைக் கசக்கிச் சாறு எடுத்துக் கொடுத்தேன். ஈர வாடை போகட்டும் என்று சாயங்காலம் சாம்பிராணியும் போட்டேன். மழை வெளியே அடித்துக்கொண்டிருந்தது, உள்ளே ஒரு பொட்டுக் காற்று கிடையாது. நான் ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

இப்போது யோசித்தால், அந்த நெல்லை எங்களில் யாருமே ஒரு பொருளாகப் பார்க்கவில்லை. வீட்டில் தூசி இருக்கிறதா என்று கேட்டால் ஃபேனின் இறக்கையைப் பார்ப்போம், கட்டிலுக்கு அடியில் பார்ப்போம். முழங்கால் உயரம் கிடக்கிற நெல்லைப் பார்க்க மாட்டோம். நெல்லைத் தூசி என்று சொல்ல எங்கள் பக்கத்தில் வாய் வராது. அதில் சுணை உண்டு, உடம்பில் பட்டால் அரிக்கும், எல்லோருக்கும் தெரியும். குளித்தால் போய்விடும் என்பதும் தெரியும். நெல் வீட்டுக்குள் இருந்தால் பரக்கத்து, வீட்டுக்கு வளம் என்றுதான் நினைப்போம். வழியில் சிதறிய மணிகளைக் காலில் மிதிபடாமல் கையால் பொறுக்கி மறுபடி குவியலில் போட்டவள் நான்.

ஒரு மத்தியானம், விளக்குப் போட்டால்தான் முகம் தெரியும் என்கிற மாதிரி இருட்டிக்கொண்டு பெய்தது. மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சாப்பிட வா என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. ஃபோனைப் பார்க்கிறாள் என்று நினைத்து ஒரு அதட்டல் போட்டுக்கொண்டே போனேன். ஃபோன் பக்கத்தில் கிடந்தது. இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, முன்பக்கம் குனிந்து, தோளை ஏற்றி ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். கழுத்துக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழுந்தது. என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வந்தாள். "அம்" என்றாள். "மா" வரவில்லை.

மூச்சிழுப்புக்கு வாயில் அடிக்கிற மருந்துப் பம்பை எடுத்து அடித்தேன். மறுபடி அடித்தேன். எப்போதும் கேட்கிற அந்த விசில் சத்தம் இல்லை. சத்தம் இல்லாததுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. உள்ளே காற்றே போகவில்லை போல. அடுத்த நடவுக்காக வயலில் வடிகால் வெட்டிவிடப் போயிருந்தவருக்கு ஃபோன் செய்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. அவர் இடுப்பு வரை சேற்றோடு ஓடிவந்தார். பக்கத்து வீட்டுத் தம்பி காரை எடுத்தார். வழியில் மதகுக்குப் பக்கத்தில் ரோட்டின் மேல் தண்ணீர் ஓடியது. கார் அதில் மெதுவாக இறங்கியபோது, மடியில் கிடந்தவளின் உதடு வேறு நிறமாக இருப்பது எனக்குத் தெரிந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று தோன்றியது. அவள் முதுகைத் தடவிக்கொண்டே, வெளியே பெய்கிற மழையை, அந்த வானத்தை, வாயில் வந்தபடியெல்லாம் திட்டிக்கொண்டு போனேன். அந்த மதகைக் கடந்து போகும்போதெல்லாம் இப்போதும் என் கை தானாக மடியைத் தடவிப் பார்க்கிறது.

திருவாரூர் ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே கொண்டுபோனார்கள். முகத்தில் மாஸ்க்கை வைத்து மருந்தைப் புகையாக விட்டார்கள். கையில் ஊசி. கொஞ்ச நேரத்தில் அந்த விசில் சத்தம் திரும்ப வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கு உயிர் வந்தது.

பிறகு வார்டில் சன்னல் ஓரம் ஒரு கட்டில் கொடுத்தார்கள். சன்னல் முழுக்கத் திறந்திருந்தது. நேராக வாடைக்காற்று. நான் எழுந்து சாத்தினேன். நர்ஸம்மா வந்து திறந்தார். அவர் அந்தப் பக்கம் போனதும் சாத்தினேன். அவர் மறுபடி வந்தார்.

"ஏம்மா, நான் திறக்கத் திறக்க யாரு மூடுறது?"

"மழக்காத்துங்க. புள்ளைக்கு ஆவாது."

"இத்தனை பேரு மூச்சு விடுற எடம்மா இது, காத்து வரணும். மருந்து கொடுக்கறது டாக்டர், சாப்பாடு ஊட்டறது நீங்க, சன்னல் என் டிபார்ட்மென்ட். சரியா?"

மாஸ்க்குக்குள் மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு நான் எழுந்து போய்ச் சாத்தவில்லை. அவள் மேல் துண்டைப் போர்த்திவிட்டுச் சாரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே இருந்த நாட்களில் மழை விடவே இல்லை. அவளுக்கு ஒவ்வொரு வேளையும் தேறிக்கொண்டுதான் வந்தது. எல்லாம் மருந்தின் வேலை என்று நினைத்தேன்.

குழந்தைகள் டாக்டர் ஒரு இளம்பெண். வீட்டைப் பற்றி நிறையக் கேட்டார்.

"வீட்டுக்குள்ள ஈரம், தூசி, பூஞ்சை ஏதாவது இருக்கா? நாய், பூனை?"

"இல்லீங்க டாக்டர். தெனம் கூட்டித் தொடைக்கிறேன். சன்னல்கூட தொறக்கறதில்ல."

"புது வீடு டாக்டர்" என்றார் என் வீட்டுக்காரர். "டைல்ஸ் போட்டது."

டாக்டர் தலையை ஆட்டினார். நாங்கள் பொய் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரிந்ததைத்தான் சொன்னோம்.

மழை சற்று விட்ட ஒரு காலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். மத்தியானம் வரை நன்றாக இருந்தாள். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன நேரத்தில் இருமல் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தைக் கொடுத்தேன், மாஸ்க் வைத்த பம்பை அடித்தேன், மறுபடி குல்லாயை மாட்டினேன். சன்னல் பேப்பர்களைச் சரிபார்த்துவிட்டு வந்தால் கட்டிலில் ஆள் இல்லை. பாத்ரூமில் இல்லை. அடுப்படியில் இல்லை. மாடிக்குப் போகும் படிக்கட்டு வெளிப்பக்கம் இருக்கிறது. மேலே தகரம் போட்டிருக்கிறோம். அங்கே மூன்றாவது படியில் உட்கார்ந்து, காலை நீட்டிச் சாரலில் நனைய விட்டுக்கொண்டிருந்தாள். குல்லாய் கையில் இருந்தது.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் கதவு திறந்தது.

"ஏண்டி, ஒனக்கு அறிவு இருக்கா? திரும்பவும் ஊசி போட்டுக்கணுமா? எந்திரி!"

"இங்க நல்லா இருக்கும்மா."

"என்னடி நல்லா இருக்கு, இந்த ஊதக்காத்துல?"

"உள்ள வந்தாத்தான் இழுக்குது. இங்க இழுக்கல. ஆஸ்பத்திரிலயும் இழுக்கல."

"அது மருந்துடி."

"இப்பவும் அதே மருந்துதான குடிச்சேன்?"

அவளை எழுப்பக் கையைப் பிடித்தவள், பிடித்தபடியே நின்றேன். அவள் முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டிருந்தாள். தோள் ஏறி இறங்கவில்லை. சாரல் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

அவளை அங்கேயே விட்டுவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்ததாலோ என்னவோ, அன்றுதான் என் மூக்குக்கு அந்த வீட்டின் வாசனை தெரிந்தது. புளித்த கஞ்சியும் ஈரச் சாக்கும் கலந்த மாதிரி கனமான வாசனை. அதைத்தான் சாம்பிராணி போட்டு மூடி வைத்திருந்தேன். குவியலுக்குள் கையை விட்டேன். மேலே குளிர்ந்திருந்தது. முழங்கை வரை போனதும் காய்ச்சல்காரர் அக்குள் மாதிரி கொதித்தது. ஒரு கைப்பிடி எடுத்து விளக்கில் பார்த்தேன். மணிகள் ஒன்றோடு ஒன்று வெள்ளை இழைகளால் ஒட்டிக்கொண்டிருந்தன. ஊதினால் சாம்பலாகப் பறந்தது.

நான் தாவரவியலில் பட்டம் வாங்கியவள். அந்த வெள்ளை இழையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரெக்கார்டில் படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறேன். வெதுவெதுப்பு, ஈரம், காற்றோட்டமில்லாத இடம், இவை மூன்றும் இருந்தால் அது எப்படி வளரும் என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அந்த மூன்றையும் பேப்பர் செருகி என் கையாலேயே அமைத்துக் கொடுத்திருந்தேன். மேலே ஃபேன் சுற்றி அதைக் கிளப்பிக்கொண்டிருந்தது.

அவர் வந்ததும் கையில் இருந்ததைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். முகர்ந்தார்.

"மேலாப்ல ஒண்ணும் இல்ல. அடில கொஞ்சம் கட்டியிருக்கு. கிளறிவிட்டா சரியாயிடும்."

"கிளறக் கிளறத்தான் புள்ளைக்கு இழுக்குதுங்க. இத வெளில எடுத்துடுங்க."

"வெளிலன்னா?"

"எங்கயாவது."

"எங்கன்னு சொல்லு. நீயே சொல்லு, நான் தூக்கிட்டுப் போறேன். ஊரெல்லாம் தண்ணி. மண்டபத்துல எடம் இல்ல. ரோட்டுல போட்டா ஒரு ராத்திரில மொளச்சிடும்." அவர் குரல் உயரவில்லை. களைத்திருந்தது. "நான் பொறந்ததுலேருந்து நெல்லுக்குப் பக்கத்துலதான் படுத்தேன். எங்க அத்தா படுத்தாரு. எங்களுக்கெல்லாம் மூச்சு எளைச்சுதா?"

அவருடைய கேள்வியும் நியாயம்தான். அந்த நெல்லுக்காக அவர் பட்டதை எல்லாம் நான் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் திருத்துறைப்பூண்டியிலிருந்து என் லாத்தா வந்தாள். என் கூடப்பிறந்த அக்கா. ஹார்லிக்ஸ் பாட்டிலும் ப்ரெட்டும் கொண்டு வந்தாள். ஹாலுக்குள் அந்த ஒற்றை வழியில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து சேர்வதற்குள் ரெண்டு தும்மல் போட்டாள்.

"இது வீடா கொடவுனா?"

"ரெண்டும்தான் லாத்தா."

விஷயத்தைச் சொன்னேன். அவள் அதிகம் யோசிக்கவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னாள்: "தம்பி, நான் புள்ளய அழைச்சிட்டுப் போறேன். எங்க வீட்டுல நெல்லும் இல்ல, கில்லும் இல்ல. மழ விட்டு, நீங்க இத வித்து முடிச்சதும் கொண்டாந்து விடறேன். பள்ளிக்கூடம் எப்படியும் லீவுதான்."

அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. எனக்கும்தான். பிள்ளைக்கும் கெடுதல் இல்லை, நெல்லுக்கும் கெடுதல் இல்லை. நான் பையை எடுத்து அவள் துணிகளை அடுக்க ஆரம்பித்தேன். மருந்து, பம்ப், மாஸ்க், கம்பளி. எந்த மருந்து எப்போது என்று லாத்தாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மகள் படுக்கையறை வாசலில் வந்து நின்றாள். இருமல் அடங்கட்டும் என்று காத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"நெல்லு இங்க இருக்கும், நான் போவணுமா?"

"கொஞ்ச நாளுதாண்டி."

"எடம் பத்தலன்னா நெல்லயே பெரியம்மா வீட்டுக்கு அனுப்புங்க. அதுக்குத்தான் எளைப்பு இல்ல. பஸ்ல போவும்."

லாத்தா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "வாயப் பாரு ஒம் மவளுக்கு!" நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் சிரிக்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் பதிலுக்காகக் காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பு சிரிப்பில் சேரவில்லை. சிரித்து முடித்த லாத்தாவுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். ப்ரெட்டைப் பிரித்து யாருக்கென்றும் இல்லாமல் தட்டில் வைத்தாள்.

அவர் எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

திரும்பி வரும்போது தெருவில் இருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ரோட்டின் மேட்டில், பாலத்துக்குப் பக்கத்தில், தண்ணீர் ஏறாத இடம் பார்த்து, அடியில் பலகையும் வைக்கோலும் போட்டு, மேலே மூடப் படுதாவும் வைத்துவிட்டு வந்திருந்தார். நெல்லைச் சாக்கில் அள்ள ஆரம்பித்தார்கள். அள்ள அள்ளப் புகை மாதிரி கிளம்பியது. மகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நானும் லாத்தாவும் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு சாக்கைப் பிடித்தோம். லாத்தா திட்டிக்கொண்டே பிடித்தாள். அடிப்பக்க நெல் முளைத்து, பாய் மாதிரி பின்னிக்கொண்டு, டைல்ஸில் ஒட்டிக்கிடந்தது. அதை மண்வெட்டியால் சுரண்டும்போது அவர் ஒரு நிமிடம் நிறுத்தி, முளைகளைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு வேகமாகச் சுரண்டினார்.

எல்லாம் போன பிறகு ஹாலைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். தரை காய வேண்டும் என்பதற்காகச் சன்னல்களைத் திறந்தோம். பேப்பர் சுருள்கள் ஊறிப்போய்க் கையோடு வந்தன.

மழை அதற்குப் பிறகும் விட்டபாடில்லை. அவர் பாதி நேரம் ரோட்டில் அந்தப் படுதாவுக்குப் பக்கத்திலேயே இருந்தார். மழை விட்டு வானம் வெறித்தால் விரித்தார், தூறினால் மூடினார். வேறு சிலரும் நெல்லை அங்கே கொண்டுவந்து அடுக்கினார்கள். ஏன் வீட்டிலிருந்து எடுத்தாய் என்று கேட்டவர்களுக்கு, "வீட்டுல புழுங்குது" என்று மட்டும் சொன்னாராம். மகளைப் பற்றிச் சொல்லவில்லை. பெண் பிள்ளைக்கு இளைப்பு என்று ஊரில் தெரிந்தால் பின்னால் பேச்சாகும் என்று அவருக்கு ஒரு பயம். அதுவும் எனக்குத் தெரியும். முளைத்ததை வாத்து மேய்க்க வந்தவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

மறுவாரம் டாக்டரிடம் காட்டப் போனபோது நெல்லைப் பற்றிச் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு, அது பெரிய காரணமாக இருக்கலாம், ஆனால் அது ஒன்றுதான் என்று சொல்லிவிட முடியாது என்றார். மழைக்காலத்தில் குளிர் காற்றும் சளிக் காய்ச்சலும் இந்தக் குழந்தைகளைப் பாதிக்கத்தான் செய்யும். பம்ப் விடாமல் எடுக்க வேண்டும். பள்ளிக்கூடப் பையில் ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் சரி என்றேன். வானத்தின் மேல் இருந்த குற்றம் பாதிதான் இறங்கியது. மீதிப் பாதியோடு ஒவ்வொரு வருடமும் இந்த மாதங்களைக் கடக்க வேண்டும் என்பது விளங்கியபோது, அந்த நாற்காலியிலேயே சாய்ந்து தூங்கிவிடலாம் போல இருந்தது.

அன்று வீடு திரும்பிய மாலை, தூறிக்கொண்டிருந்தது. ரோட்டில் இருந்தவருக்கு டீ போட்டுப் பிளாஸ்க்கில் ஊற்றினேன். மகள் வந்து பிளாஸ்க்கைப் பிடித்தாள்.

"நான் கொண்டுபோறேன்."

"மழ தூறுது."

"குடை இருக்கு."

வேண்டாம் என்று சொல்ல எத்தனையோ வார்த்தைகள் என் வாய் வரை வந்தன. ஒரு மாதம் முன்னால் என்றால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். பம்ப் பாவாடைப் பையில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். தட்டிக் காட்டினாள். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குடை தெருமுனை வரை தெரிந்தது, பிறகு முனையில் திரும்பி மறைந்தது. அங்கிருந்து பாலம் கூப்பிடு தூரம்தான். நான் சாரலில் நனைந்துகொண்டு, யாராவது ஓடிவருகிறார்களா என்று பார்த்தபடி இருந்தேன். ஒரு மாட்டு வண்டி போனது. பால்காரர் போனார். பக்கத்து வீட்டம்மா, "உள்ள போம்மா, ஒனக்குச் சளி பிடிச்சிக்கப் போவுது" என்றார்.

அவள் ஆடி அசைந்துதான் வந்தாள். குடையை மடக்கிக் கையில் வைத்திருந்தாள். தலையெல்லாம் ஈரம். கேட்டருகில் வரும்போதே கத்த ஆரம்பித்துவிட்டாள்.

"டீல சக்கரை பத்தலயாம். அத்தா முழுசும் அவங்களே குடிச்சிட்டாங்க, எனக்கு ஒரு மூடி கூடத் தரல. நாளைக்கு முறுக்கும் சேத்துக் கொண்டாரச் சொன்னாங்க. அப்பறம், அடில இருக்கற மூட்டைகூட காஞ்சிடுச்சாம், ஒங்கிட்ட சொல்லச் சொன்னாங்க."

அவள் சொன்னதில் எதுவும் எனக்கு உடனே மனதில் ஏறவில்லை. அவள் எங்கே நிறுத்துகிறாள், எங்கே மூச்சு எடுக்கிறாள் என்று அவள் கழுத்துக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, கேக்குறியா இல்லயா?"

"கேக்குறேன். இன்னொரு தடவ சொல்லு" என்றேன்.